ஹெலிகாப்டர் சிமுலேஷனுக்கான ரடர் பெடல்கள்: குதிகாலை முன்வைத்து ஒரு மதிப்புரை

கணினி சிமுலேட்டரில் காலால் மிதித்து மூக்கைத் திருப்ப உதவும் கருவியான ரடர் பெடல்களைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை சென்சாரின் வகை, உலோகத்தின் தடிமன், ஸ்பிரிங்கின் விறைப்பு, உடன் வரும் மென்பொருளின் வசதி ஆகியவற்றையே அலசுகின்றன. விமானம் ஓட்டுபவருக்கு இவை ஓரளவு போதும். ஹெலிகாப்டர் ஓட்ட விரும்புகிறவர் பெடலை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இதை மிதிக்கும்போது என் குதிகால் எங்கே இருக்கும்? தரையில் ஊன்றி நிற்குமா, பெடலோடு சேர்ந்து நகருமா, எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்குமா? பரவலாகக் கிடைக்கும் பெடல் வடிவங்களை இந்த ஓர் அளவுகோலைக் கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன். பாதம் சரியாக அமையாத பெடல் எவ்வளவு விலையுயர்ந்த சென்சாரைக் கொண்டிருந்தாலும் ஹோவரில், அதாவது ஹெலிகாப்டரை அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தும்போது, உதவாது என்பதும், எளிய பெடலைக்கூடப் பாதம் வைக்கும் முறையைத் திருத்துவதன் மூலம் பெருமளவு மேம்படுத்த முடியும் என்பதும் என் உறுதியான கருத்து.

விமானத்தில் ரடரின் பணி விட்டுவிட்டு வருவது. ஓடுபாதையில் நேராக ஓடவும், திருப்பங்களில் சமநிலையைக் காக்கவும், குறுக்குக் காற்றில் தரையிறங்கவும் கால் வேலை செய்கிறது. மற்ற நேரங்களில் பெடல்கள் நடுவிலேயே கிடக்கின்றன. ஹெலிகாப்டரில் அப்படியில்லை. பிரதான ரோட்டரைச் சுழற்றும் முறுக்குவிசைக்கு எதிர்வினையாக உடல் மறுதிசையில் திரும்ப முயல்கிறது. அதை வால் ரோட்டர் தடுத்து நிறுத்துகிறது. அந்த வால் ரோட்டரின் தகடுகளின் கோணத்தை மாற்றுவதே பெடலின் வேலை. ஹெலிகாப்டரை மேலே ஏற்றி இறக்கும் நெம்புகோலான கலெக்டிவை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் முறுக்குவிசை மாறும், எனவே காலும் உடனே மாற வேண்டும். மேலிருந்து பார்க்கையில் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுழலும் யூஹெச்-1 ஹியூயி, பெல் 407, அப்பாச்சி போன்றவற்றில் சக்தியை ஏற்றும்போது இடது பெடல் தேவைப்படுகிறது. வலஞ்சுழி ரோட்டர் கொண்ட மி-8, மி-24, கஸெல், காப்ரி ஜி2 ஆகியவற்றில் வலது பெடல் தேவைப்படுகிறது. எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரு ரோட்டர்களை ஒரே அச்சில் கொண்ட கா-50 மட்டும் இந்தச் சுமையிலிருந்து பெரிதும் தப்பிக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 2022 நவம்பரில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஹெலிகாப்டர்கள் பெல் 407, காப்ரி ஜி2 ஆகிய இரண்டுமே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவரின் கால்கள் பழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஹோவரில் நிற்கும்போது பெடல்கள் நடுவில் இருப்பதில்லை என்பதே. ஒரு பாதம் முன்னும் மற்றது பின்னுமாக, கோணலான ஒரு நிலையே அங்கே இயல்பு நிலை. அந்த நிலையைச் சுற்றி மில்லிமீட்டர் அளவிலான திருத்தங்கள் இடைவிடாமல் நடக்கின்றன. பெரும்பாலான இலகு ஹெலிகாப்டர்களில் பெடலை மையத்துக்கு இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. வைத்த இடத்தில் அது நிற்கும். சிமுலேஷனுக்காக விற்கப்படும் பெடல்களோ அநேகமாக எல்லாமே விமானத்தை மனத்தில் கொண்டு, மையத்துக்குத் திரும்பும் ஸ்பிரிங்குடன்தான் வருகின்றன. இந்த முரண்பாட்டிலிருந்துதான் பாதம் பற்றிய சிக்கல்களில் பாதி கிளைக்கிறது.

மீதிப் பாதி கையில் இருக்கிறது. ஹெலிகாப்டர் விமானி, இயந்திரத்தை முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் கட்டுப்பாட்டுக் கோலான சைக்ளிக்கைப் பிடிக்கும் வலது கையின் முன்னங்கையைத் தன் வலது தொடையின்மேல் சார்த்திக்கொள்கிறார். சைக்ளிக்கில் தேவைப்படும் அசைவு மிகச் சிறியது; கை அந்தரத்தில் இருந்தால் அந்த நுட்பம் வராது. ஆகவே தொடையே கையின் மேடையாகிறது. சிமுலேட்டரில் மேசையின்மேல் வைத்த ஜாய்ஸ்டிக்கைவிட, இரு முழங்கால்களுக்கிடையே தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் சைக்ளிக் அமைப்பையே ஹெலிகாப்டர்ப் பிரியர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது பெடலை எண்ணிப் பாருங்கள். வலது பெடலை மிதிக்க முழுக் காலையும் தூக்கி நகர்த்த வேண்டியிருந்தால், முழங்கால் ஏறியிறங்கும், தொடை அசையும், தொடையின்மேல் இருக்கும் கையும் அசையும், சைக்ளிக் தானாக ஒரு கட்டளையைக் கொடுத்துவிடும். மூக்கைத் திருப்ப நினைத்தவரின் ஹெலிகாப்டர் பக்கவாட்டிலும் நழுவத் தொடங்கும். கைத்திறன் போதவில்லை என்று நினைத்துப் பலர் ஜாய்ஸ்டிக்கின் கர்வை, அதாவது எவ்வளவு அசைவுக்கு எவ்வளவு விளைவு என்ற அமைப்பை, மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கோளாறு காலிலிருந்து வருகிறது என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. பெடலை மிதிக்கும்போது தொடை அசையக் கூடாது என்பதை இந்த மதிப்புரையின் தலையாய விதியாகக் கொள்கிறேன்.

தொடை அசையாமல் மிதிக்க ஒரே வழி, குதிகாலை ஊன்றிக்கொண்டு கணுக்காலை மட்டும் மடக்கி நீட்டுவது. மனிதக் கணுக்கால் பாதத்தை மேல்நோக்கி ஏறத்தாழ 20 பாகையும் கீழ்நோக்கி ஏறத்தாழ 50 பாகையும் மடக்கக் கூடியது. இந்த ஏற்றத்தாழ்வு முக்கியமானது. கெண்டைக்காலும் பாதமும் சரியாகச் செங்கோணத்தில் இருக்குமாறு உட்கார்ந்தால், பின்வாங்கும் பாதத்துக்கு 20 பாகை மட்டுமே மிஞ்சுகிறது. அதன் கடைசிப் பகுதியில் குதிநரம்பு இழுபடுவதால் அதையும் முழுதாகப் பயன்படுத்த இயலாது. பாதம் சற்றே நீண்டு, கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் இடையே 105 பாகை அளவு இருக்குமாறு அமர்ந்தால் இரு பக்கமும் சமமான இடம் கிடைக்கும். குதிகாலிலிருந்து முன்பாதத்தின் மெத்தைப் பகுதி வரை சுமார் 19 சென்டிமீட்டர் என்று கொண்டால், 10 பாகை அசைவில் முன்பாதம் 3.3 சென்டிமீட்டர் நகரும். 20 பாகையில் 6.5 சென்டிமீட்டர். ஹோவருக்கு வேண்டிய திருத்தங்கள் அனைத்தும் முதல் அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த எளிய கணக்கை வைத்துக்கொண்டால் எந்தப் பெடலையும் எடைபோட்டுவிடலாம்: நடுநிலையிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் பயனுள்ள வேலையைச் செய்துமுடிக்கும் பெடல் கணுக்காலுக்கு உரியது; அதைவிட நீண்ட பயணம் கேட்பது முழங்காலுக்கும் இடுப்புக்கும் உரியது.

பாதத்தை வைக்கும் இடமும் இதையொட்டியே அமைகிறது. முன்பாதத்தின் மெத்தைப் பகுதி, அதாவது கால்விரல்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள அகன்ற பகுதி, பெடல் தகட்டின் கீழ்ப்பாதியில் படிய வேண்டும். உள்ளங்காலின் வளைவைத் தகட்டின் விளிம்பில் வைத்து மிதிப்பவர்களை நிறையப் பார்க்கலாம். அப்படி வைத்தால் குதிகாலுக்கும் மிதிக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் குறைந்து, கணுக்காலின் அதே கோணத்துக்குப் பெடல் குறைவாக நகர்கிறது; போதாத தூரத்தை ஈடுசெய்யக் குதிகால் தரையை விட்டு எழுகிறது. விரல் நுனியால் மிதிப்பது இதற்கு நேர்மாறான தவறு: கெண்டைக்கால் தசை எந்நேரமும் இறுகியே இருக்க வேண்டியிருப்பதால் சிறிது நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரு பாதங்களும் எப்போதும் தகட்டைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒரு பாதம் தள்ளும்போது மறுபாதம் மெதுவாக எதிர்த்து நின்றால்தான் அசைவு அளவோடு நிற்கும்; மிதிக்காத பாதத்தைத் தளரவிடுகிறவர் ஒவ்வொரு திருத்தத்திலும் சற்று அதிகமாகவே போய்விடுவார்.

இனி வடிவங்களுக்கு வருவோம். குறைந்த விலையில் அதிகம் விற்பனையாவது சறுக்குத் தண்டவாள வகை. இதில் ஒவ்வொரு பாதமும் குதிகாலிலிருந்து விரல் வரை ஒரு நீண்ட தட்டின்மேல் முழுமையாக அமர்கிறது. தட்டு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்கிறது. முன்பாதத்தை அழுத்தினால் டோ பிரேக் என்ற சக்கர பிரேக் வேலை செய்கிறது. த்ரஸ்ட்மாஸ்டரின் டிஎஃப்ஆர்பி இந்த வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. விமானத்துக்கு இந்த ஏற்பாடு பொருத்தமே: குறைந்த செலவில் ரடருக்கும் இரு பிரேக்குகளுக்குமாக மூன்று அச்சுகள் கிடைக்கின்றன, பாதங்கள் வசதியாக ஓய்வெடுக்கின்றன. ஹெலிகாப்டருக்கோ இந்த வடிவத்தின் அடிப்படையிலேயே தடை இருக்கிறது. குதிகால் தட்டின்மேல் இருப்பதால் கணுக்காலை மடக்கினால் பெடல் நகராது; டோ பிரேக் மட்டுமே அழுந்தும். பெடலை நகர்த்த வேண்டுமானால் கெண்டைக்கால், முழங்கால், தொடை என முழுக் காலும் புறப்பட வேண்டும். மேலும் இரு கால்களின் எடையும் தண்டவாளத்தின்மேல் இறங்குவதால் உராய்வு கூடுகிறது. அசையத் தொடங்குவதற்குத் தேவைப்படும் விசை, அசைந்துகொண்டிருக்கத் தேவைப்படும் விசையைவிட அதிகமாகிறது. மெல்லத் தள்ளினால் நகராமல் நின்று, சற்று அழுத்தினால் சட்டென்று நழுவும் பெடலைக் கொண்டு மூக்கை ஒரே திசையில் நிறுத்துவது கடினம்.

இந்த வகைப் பெடலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. குதிகாலைத் தட்டிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் தட்டின் கீழ் விளிம்பை ஒட்டி வைக்கலாம். அதற்கு நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுக்க வேண்டும். பெடலின் அடிப்பகுதி தரையிலிருந்து உயர்ந்திருப்பதால் குதிகாலுக்கு அடியில் ஒரு பலகையும் தேவைப்படும். பலகையின் உயரம் பெடல் தட்டின் பின்விளிம்பைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தால் போதும். பலகை அதற்கும் மேலே ஏறினால் முன்பாதம் தகட்டின்மேல் சாய்வாக அழுந்தி டோ பிரேக்கையே மிதிக்கும். அந்த பிரேக் அச்சை மென்பொருளில் நீக்கிவிடுவதும் அவசியம். இந்த ஏற்பாட்டில் கால்களின் எடை பலகைக்குப் போய்விடுவதால் தண்டவாளத்தின் உராய்வும் குறைகிறது. நல்ல பெடலுக்கு இது ஈடாகாது. ஆயினும் ஹோவர் கைகூடும் அளவுக்கு மாற்றம் தெரியும். புதிதாக வாங்குகிறவருக்கு, ஹெலிகாப்டர்தான் முதன்மை விருப்பம் என்றால், இந்த வகையைப் பரிந்துரைக்க மாட்டேன். பல தண்டவாளப் பெடல்களில் இரு தட்டுகளுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகலாக இருப்பதையும் சொல்ல வேண்டும். முழங்கால்கள் நெருங்கிவிட்டால் இடையில் சைக்ளிக்குக்கு இடமில்லாமல் போகிறது, தொடை மேடையாவதும் நடக்காது.

அடுத்தது ஊசல் வகை. த்ரஸ்ட்மாஸ்டரின் டிபிஆர் இதற்குச் சான்று. பெடல்கள் மேலிருந்து தொங்கி ஒரு வளைவில் ஆடுகின்றன. தண்டவாளம் இல்லாததால் உராய்வு மிகக் குறைவு. சென்சாரும் தொடுகையற்ற காந்த வகை. அசைவின் மென்மையைப் பொறுத்தவரை முந்தைய வகைக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை. பாதம் அமைவதில் மட்டும் ஒரு கவனம் தேவை. இங்கும் குதிகாலைத் தாங்கும் பகுதி பெடலின் அங்கமாகவே இருப்பதால், அதில் குதிகாலை வைத்தால் முழுக் காலும் ஆடும். இந்த ஆட்டம் தண்டவாளத்தைப் போல முரடாக இராது. ஆயினும் தொடை அசையத்தான் செய்யும். குதிகாலைக் கீழே தரையில் ஊன்றி, முன்பாதத்தைத் தகட்டில் சார்த்தினால் ஊசலின் மென்மை முழுவதும் கணுக்காலுக்குக் கிடைக்கும். பருமனும் எடையும் உள்ள கருவி என்பதால், வலுவாக மிதித்தாலும் தரையில் நகர்ந்துவிடாது என்பது இதன் கூடுதல் நன்மை. இடமும் பணமும் உள்ளவர், விமானத்தையும் ஹெலிகாப்டரையும் சரிபாதியாக ஓட்டுகிறவர் எனில் இதை நம்பி வாங்கலாம்.

குரோஷியாவில் தயாராகும் எம்எஃப்ஜி க்ராஸ்விண்ட், பாதத்துக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்ளும் கருவி என்ற முறையில் என் பாராட்டை மிகுதியாகப் பெறுகிறது. பெடல்களின் தூரம், தகட்டின் சாய்வு ஆகியவற்றைப் போல்ட்டுகளின் மூலம் மாற்றலாம். மையத்தின் விறைப்பைத் தீர்மானிக்கும் கேம் என்ற வளைவுத் துண்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றிப் பொருத்தலாம். வேகமான அசைவைத் தணிக்கும் டாம்பரைத் தனியாக வாங்கி இணைக்கலாம். முழுப் பாதத்தையும் தாங்கும் காம்பாட் பெடல் என்ற தகடுகளும் விருப்பத் துணைப்பொருளாகக் கிடைக்கின்றன. இந்தக் கடைசித் துணைப்பொருளைப் போர் விமானம் ஓட்டுகிறவர்கள் விரும்புவது நியாயமே. ஹெலிகாப்டருக்கு அது வேண்டாம் என்பேன். வழக்கமான குறுகிய தகட்டோடு, குதிகாலைத் தரையில் வைத்து, தகட்டை நன்றாக நிமிர்த்தி ஓட்டும்போதுதான் இந்தப் பெடலின் குணம் தெரிகிறது. தகட்டின் சாய்வைப் பற்றி அதன் கையேட்டைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும்: ஹோவரில் பாதம் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அந்தக் கோணத்துக்குத் தகட்டைப் பொருத்த வேண்டும், நடுநிலையில் நிற்கும் கோணத்துக்கு அல்ல. ஹியூயி ஓட்டுகிறவரின் இடது பாதம் எந்நேரமும் சற்று நீண்டே இருக்கும்; அந்த நிலையில் பாதத்தின் மெத்தைப் பகுதி தகட்டில் சமமாகப் படிந்தால் மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஒரே புள்ளியில் அழுத்தம் விழாது.

விகேபியின் டி-ரடர் வேறொரு சிந்தனையின் விளைவு. அதில் டோ பிரேக் கிடையாது. அளவில் சிறியது, மேசைக்கு அடியில் அதிக இடம் கேட்பதில்லை. முழங்காலை நகர்த்தாமல் கணுக்காலின் அசைவாலேயே இயக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. காலால் ஓட்டும் தையல் இயந்திரத்தின் மிதியில் பாதம் எப்படி முன்னும் பின்னும் சாய்கிறதோ, அதை நினைவூட்டும் ஓர் அசைவு அது. தொடை அசையக் கூடாது என்ற விதியை முதன்மையாகக் கொண்டால், வாங்கிய நாளிலேயே எந்தத் திருத்தமும் இல்லாமல் அதை நிறைவேற்றுவதில் இந்த வகையே முன்னே நிற்கிறது. குறுகிய பயணத்தால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விளைவு அதிகம் என்பதை ஒரு குறையாகச் சிலர் எண்ணக்கூடும். தொடக்கத்தில் மூக்கு அங்குமிங்கும் அலையும் என்பது உண்மை. கால் பழகிய பிறகு, மிதிக்க நினைப்பதற்கும் மிதிப்பதற்கும் இடையே இருந்த தாமதம் மறைவதை உணரலாம்.

டோ பிரேக் இல்லாதது இழப்பா? ஹெலிகாப்டரைப் பொறுத்துப் பதில் மாறும். ஹியூயி, கஸெல், காப்ரி ஆகியவை சறுக்குக் கால்களில் நிற்பவை. அவற்றில் சக்கரமே கிடையாது. மி-8, மி-24, கா-50 ஆகியவற்றில் சக்கர பிரேக்கைச் சைக்ளிக்கில் உள்ள நெம்புகோலால் பிடிக்கிறார்கள். அப்பாச்சி, பிளாக் ஹாக், சினூக் போன்ற அமெரிக்கச் சக்கர ஹெலிகாப்டர்களுக்குத்தான் பெடலில் பிரேக் உண்டு. அவற்றிலும் தரையில் உருளும்போது மட்டுமே அது தேவை, அதை ஒரு பொத்தானுக்குக்கூட மாற்றிவிடலாம். எனவே ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர் டோ பிரேக்கைச் சாக்காகக் கொண்டு ஒரு பெடலைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. இருக்கும் பெடலில் அது இருந்தால், முன்பாதத்தின் அழுத்தத்தில் தகடு முன்னே மடங்கிக் குழைவதைத் தவிர்க்க, பிரேக் ஸ்பிரிங்கை இயன்ற அளவு இறுக்கிவிட வேண்டும். தகடு மடங்கினால் கால் கொடுத்த விசையில் ஒரு பகுதி பிரேக்குக்குப் போகிறது. எவ்வளவு மிதித்தோம் என்ற உணர்வு பாதத்துக்குக் கிடைக்காமல் போகிறது.

ஸ்பிரிங்கைப் பற்றி மேலே தொட்டதை இங்கே முடித்துவிடலாம். வலுவான மைய ஸ்பிரிங் இருந்தால் ஹோவரில் ஒரு கால் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காலின் தசை இறுகியிருக்கும் வரை நுண்ணிய திருத்தம் வராது. குதிகாலும் மெல்ல மெல்லப் பின்னுக்கு நழுவும். ஸ்பிரிங்கைத் தளர்த்துவது முதல் படி. கழற்றிவிட்டு டாம்பரைப் பொருத்துவது சிறந்த தீர்வு. டாம்பர் கொடுக்கும் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது: மெதுவாக நகர்த்தினால் இணங்கும், வேகமாக உதைத்தால் எதிர்க்கும், நின்ற இடத்திலிருந்து எங்கும் இழுக்காது. ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிட்டு டாம்பரும் வைக்காமல் ஓட்டினால் பாதத்தின் எடையிலேயே பெடல் நழுவும். அதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. ஸ்பிரிங் நீக்கியவர்கள் சிமுலேட்டரின் அமைப்புகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் ஹியூயி, மி-8 ஆகியவற்றின் சிறப்பு விருப்பங்களில், பெடலின் அப்போதைய நிலையையே புதிய நடுநிலையாகப் பதிந்துகொள்ளும் ரடர் டிரிம்மர் என்ற தேர்வு இருக்கிறது. ஸ்பிரிங் உள்ள பெடலுக்கு அது உதவும்; டிரிம் பொத்தானை அழுத்தியபின் காலை நடுவுக்குக் கொண்டுவந்து ஓய்வெடுக்கலாம். ஸ்பிரிங் இல்லாத பெடலில் அதை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலின் நிலையும் டிரிமின் அளவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாதம் எங்கே இருந்தால் மூக்கு நேராக நிற்கும் என்பதே புரியாமல் போகும். மி-8 ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: அசல் இயந்திரத்தின் பெடல்களில் விமானியின் பாதத்தை உணரும் சிறு சுவிட்சுகள் உள்ளன, மிதித்ததும் தானியங்கி ஓட்டியின் (ஆட்டோபைலட்) திசைப் பிரிவு விலகிக்கொள்கிறது. பாதத்தை எப்போது வைத்திருக்க வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்பது அந்த ஹெலிகாப்டரை ஓட்டும் முறையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

குதிகாலை ஊன்றுவதற்கு ஒரு வரம்பும் உண்டு. இடஞ்சுழி ரோட்டர் கொண்ட ஹெலிகாப்டர்களில் சில திசைகளிலிருந்து வீசும் காற்றில் வால் ரோட்டர் போதாமல் மூக்கு எதிர்பாராமல் வலப்பக்கம் சுழலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 1995இல் இதற்கென்றே ஓர் ஆலோசனைச் சுற்றறிக்கையை வெளியிட்டது. அதிலிருந்து மீள முழு இடது பெடலை மிதித்தபடியே சைக்ளிக்கை முன்னே தள்ள வேண்டும். குதிகால் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், நீண்ட பயணம் கொண்ட பெடல்களில் அந்தக் கடைசி எல்லைக்குப் பாதம் எட்டாது. எனவே குதிகாலுக்கு அடியில் ரப்பர் விரிப்பைப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. வழுவழுப்பான மரப்பலகையே நல்லது: சாதாரண நேரங்களில் காலின் எடையால் குதிகால் நிலைத்து நிற்கும், தேவை வரும்போது முன்னே வழுக்கிச் செல்லும். மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணியோ காலுறையோ இதற்கு ஒத்துழைக்கும். வெறுங்காலுடன் மிதிப்பது உணர்வுக்கு மிக நல்லது. ஆனால் குழாய் வடிவப் பெடல்களிலும் கூர்விளிம்புத் தகடுகளிலும் அது உள்ளங்காலை வருத்தும். தடித்த அடிப்பாகமுள்ள ஓட்டக் காலணி எந்தப் பெடலுக்கும் உகந்ததல்ல.

பயணத்தின் நீளத்தை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். டிசிஎஸ்ஸின் அச்சு அமைப்பில் சாச்சுரேஷன் எக்ஸ் மதிப்பைக் குறைத்தால் பெடல் எல்லைக்குப் போகும் முன்பே முழு அளவு கிடைத்துவிடும். தண்டவாளப் பெடலை வைத்திருப்பவர்களுக்கு இது பயனுள்ள உத்தி. அளவு மீறினால் ஹோவரின் நுட்பம் குலையும். நடுவில் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விடும் டெட்ஜோனைப் பூச்சியத்தில் வைக்க வேண்டும். சென்சாரின் துல்லியத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசும் அளவுக்கு நான் கவலைப்படுவதில்லை. 10 பிட் சென்சாரே 1024 படிகளைத் தருகிறது. 10 சென்டிமீட்டர் பயணத்தில் ஒரு படி என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எந்தப் பாதமும் அவ்வளவு நுணுக்கமாக அசைவதில்லை. தேய்மானமில்லாத காந்த சென்சார் நீடித்து உழைக்கும் என்பதற்காக அதை வரவேற்கலாம்.

நாற்காலியைச் சேர்க்காமல் பெடலை மதிப்பிட முடியாது. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் அமர்ந்து மிதித்தால், பெடலுக்குப் பதில் நாற்காலி பின்னே உருளும்; அது சுழலும் வகையாக இருந்தால் ஒரு காலை அழுத்தும்போது உடலே திரும்பும். சக்கரங்களைக் கழற்றுவதும், பெடலையும் நாற்காலியையும் ஒரே பலகையிலோ கயிற்றாலோ பிணைப்பதும் அடிப்படைத் தேவை. இருக்கையின் உயரம், தொடையின் அடிப்பகுதி முழுவதும் இருக்கையில் படிந்து, குதிகாலின்மேல் கெண்டைக்காலின் எடை மட்டும் இறங்கும் அளவில் இருக்க வேண்டும். மிக உயரமாக இருந்தால் குதிகால் தரையைத் தொடாது. மிகத் தாழ்வாக இருந்தால் முழங்கால் மேலெழுந்து முன்னங்கைக்கு மேடை கிடைக்காது. பெடலின் தூரத்தை, நீங்கள் விரும்பும் ஹெலிகாப்டரின் ஹோவர் நிலையில் பாதங்களை வைத்துப் பார்த்து, அங்கிருந்து முழு எல்லை வரை முழங்கால் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளாமல் எட்டும்படி தீர்மானிக்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு நண்பரின் பெடலில் அமர்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், சிமுலேட்டரை இயக்காமலேயே ஒரு சோதனை செய்யலாம். வலது தொடையின்மேல் தண்ணீர் நிறைந்த கோப்பையை ஏந்திய கையைச் சார்த்திக்கொண்டு, பெடலை இருபுறமும் மெதுவாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். தண்ணீர் தளும்பினால் அந்தப் பெடலோ நாற்காலியோ பாதம் வைத்த இடமோ சரியில்லை. பிறகு சிமுலேட்டரில் தரையிலிருந்து கலெக்டிவை மெல்ல உயர்த்தி, ஹெலிகாப்டர் எழும் வரை மூக்கை ஒரே புள்ளியில் நிறுத்தப் பாருங்கள். மூக்கு படிப்படியாகத் துள்ளினால் பெடலில் தொடக்க உராய்வு இருக்கிறது. ஒரே சீராக ஒரு பக்கம் விலகினால் கால் பின்தங்குகிறது. மூக்கு நின்று உடல் பக்கவாட்டில் நழுவினால் தொடை அசைகிறது. எந்தக் கோளாறுக்கு எதைத் திருத்துவது என்பதை இந்த ஒரு பயிற்சியே காட்டிக்கொடுக்கும்.

இவற்றையெல்லாம் வைத்து என் தேர்வு இப்படி அமைகிறது. ஹெலிகாப்டர் மட்டுமே ஓட்டுகிறவருக்கும், இடம் குறைவாக உள்ளவருக்கும் டி-ரடர் போன்ற கணுக்கால் வகை. பல வகை ஹெலிகாப்டர்களையும் இடையிடையே விமானங்களையும் ஓட்டி, கருவியைத் தன் உடலுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் பொறுமை உள்ளவருக்கு, டாம்பர் இணைத்த க்ராஸ்விண்ட்; ஒன்றை மட்டும் எனக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். இரண்டையும் சமமாக ஓட்டுகிறவருக்கு ஊசல் வகை. தண்டவாளப் பெடலை வைத்திருப்பவர் குதிகால் பலகை ஒன்றைச் செய்துகொண்டு தொடரலாம், தண்டவாளத்தைத் தூசியில்லாமல் துடைத்து வைத்திருப்பதை மட்டும் மறக்கக் கூடாது. எந்த வகையை வாங்கினாலும், முதல் சில வாரங்களில் தகட்டின் போல்ட்டுகளை அவ்வப்போது இறுக்கிப் பார்ப்பது நல்லது. சாய்வை மாற்றிப் பொருத்திய தகடுகள் மிதிபட மிதிபடத் தளர்ந்து, கோணம் சிறிது சிறிதாக மாறிவிடுவதுண்டு.